வேடந்தாங்கல் ஏரிக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் நிலத்துக்கு இந்த ஏரித் தண்ணீர்தான் பாய்கிறது. அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஏரி நிரம்பினபிறகு பறவை பார்க்க வாங்க. மார்கழியும் தையும் நல்ல மாதங்கள். மழை பொய்த்த வருஷமென்றால் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீர் இல்லையென்றால் பறவையும் தங்காது. சென்னையிலிருந்து திருச்சி போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்து படாளத்தில் திரும்ப வேண்டும். காலையில் சீக்கிரமாகவோ, சாயங்காலம் நாலு மணிக்கு மேலோ வந்தால், இரைக்குப் போகிற கூட்டத்தையோ திரும்புகிற கூட்டத்தையோ பார்க்கலாம்.

கரையை விட்டு இறங்காதீர்கள். மங்கலான நிறத்தில் உடுத்துங்கள். பைனாகுலர் எட்டு மடங்கு போதும். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரத்தில் ஒரே ஒரு கூட்டை மட்டும் பத்து நிமிஷம் பாருங்கள். நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். வெயில் ஏறினால் தாய் சிறகை அகல விரித்து நிற்கும். அந்த நிழலில்தான் குஞ்சுகள் கிடக்கும்.

போன தையில் ஒருவர் போட்டோவுக்காகக் கை தட்டினார். நாரைகள் மொத்தமாக எழும்பின. கூட்டில் குஞ்சுகள் வெயிலில் கழுத்தை நீட்டித் தவித்தன. பக்கத்துக் கூட்டுக்குக் காக்கை வந்துவிட்டது. என்னால் அதை மறக்க முடியவில்லை. தயவுசெய்து தட்டாதீர்கள், கூச்சல் போடாதீர்கள், பாட்டு வைக்காதீர்கள்.

வேட்டை என்றால் துப்பாக்கி மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கண்ணி வைப்பதும், விரட்டுவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 வருஷம் ஜெயில், 7 வரை போகலாம். வெளியில் வயலில் மேய்கிற கொக்குக்கும் சட்டம் உண்டு. வழியில் யாராவது கொக்குக் கறி, மடையான் கறி என்று விற்றால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டதும் ஊரார் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798இல் காப்பு உத்தரவு வாங்கினார்கள் என்பது ஊர் வரலாறு. தீபாவளிக்கு இன்றும் நாங்கள் வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த தண்ணீர் நெல்லுக்கு உரம் என்பதை எங்கள் தாத்தாக்களே கண்டவர்கள்.

கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் தூக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். இடத்தை நன்றாகக் குறித்துக்கொண்டு வாசலில் இருக்கும் வனக் காவலரிடம் உடனே சொல்லுங்கள்.