இரண்டு எஞ்சின், ஒரு வலை: பெரியவர்களுக்கு ஆங்கிலக் கூட்டு வாக்கியம் கற்பிக்கும் முறை

ராமநாதபுரம் கடற்கரையில் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்புத் தொடங்க விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பாடப்புத்தகத்தை அல்ல, நாட்காட்டியை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பகலில் படகுக்கு மராமத்தும் பெயின்ட்டும் நடந்தாலும், மாலை 6 மணிக்கு மேல் ஆட்கள் ஊரில் இருப்பார்கள். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்தில் வகுப்பை ஆரம்பிக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு வேறு கணக்கு: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் அதிகமாக இருக்கும் நாட்களில் அவர்கள் வரமாட்டார்கள், வந்தாலும் களைப்பில் கண் சொருகும். அந்த நாட்களில் புதுப்பாடம் எடுக்காமல், பழைய பாடத்தைப் பேச்சாக ஓட்டிவிடுவது நல்லது.

வருகிறவர்களின் தேவையும் ஒன்றல்ல. ஆட்டோ ஓட்டுகிறவர் ராமேஸ்வரத்துக்கு வரும் வெளிமாநிலத்தாரிடம் பேச வேண்டும். கீழக்கரை இளைஞர் வளைகுடா வேலைக்கான நேர்காணலில் பதில் சொல்ல வேண்டும். ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் செய்தியைப் படிக்க வேண்டும். ஆனால் இவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். தனித்தனிச் சொல் தெரியும், சிறு வாக்கியமும் வரும். இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்லப் போனால் வாக்கியம் குலைந்துவிடும்.

இதற்குக் காரணம் அறிவுக்குறைவு அல்ல, தமிழின் கட்டமைப்பே. “காலையில எந்திரிச்சு, டீ குடிச்சு, வலையத் தூக்கிக்கிட்டு, கடக்கரைக்குப் போனேன்” என்று நாம் சொல்லும்போது எந்திரிச்சு, குடிச்சு, தூக்கிக்கிட்டு ஆகிய மூன்றும் எச்சங்கள்; போனேன் என்பது ஒன்றே முற்று. “நான்” என்ற எழுவாயைச் சொல்லவே தேவையில்லை, முற்றின் விகுதி அதைக் காட்டிவிடும். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் நுழைகிறவர் “மார்னிங் கெட்டிங் அப், டீ டிரிங்கிங், நெட் டேக்கிங், பீச் வென்ட்” என்கிறார். அவர் தமிழ் இலக்கணத்தை மிகச் சரியாகவே பின்பற்றியிருக்கிறார் என்பதை ஆசிரியர் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்ட பிறகு பாதிக் கூச்சம் போய்விடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எச்சமில்லாமல் பேச வேண்டுமானால் முற்றுவினை கையில் இருக்க வேண்டும். ஆகவே கூட்டு வாக்கியத்துக்கு முன் இரண்டு வாரம் வினைகளுக்கே ஒதுக்குங்கள். நூறு வினைகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது வீண். 1930-இல் சி. கே. ஆக்டன் வகுத்த ‘பேசிக் இங்கிலீஷ்’ என்ற எளிய ஆங்கிலத்தில் சொற்கள் 850, அவற்றில் வினைகள் வெறும் 18 என்பதை நினைவில் கொள்ளுங்கள். நான் பி, ஹேவ், டூ, சே, கெட், மேக், கோ, நோ, டேக், சீ, கம், கிவ், புட் ஆகிய 13 வினைகளோடு தொடங்குகிறேன். இவற்றில் ஒன்றுகூட இறந்தகாலத்தில் ‘-எட்’ ஏற்பதில்லை என்பதால், அந்த விதியை முதலில் கற்பிக்கும் வழக்கமான முறை பெரியவர்களுக்கு உதவாது. அவர்கள் பேச விரும்புவது நேற்று நடந்ததைத்தான். எனவே கோ என்பதோடு வென்ட், டேக் என்பதோடு டுக், கிவ் என்பதோடு கேவ் என இணை இணையாகவே சொல்லிப் பழக்குங்கள்.

பி, ஹேவ் இரண்டுக்கும் தனியாக நேரம் கொடுக்க வேண்டும். “நான் மீனவன்” என்பதில் வினையே இல்லை. அதனால்தான் “ஐ ஃபிஷர்மேன்” என்று வருகிறது. “எனக்கு மூணு பிள்ளைங்க இருக்கு”, “என்கிட்ட வலை இருக்கு” ஆகிய இரண்டிலும் இருப்பது இருத்தல் வினை; உடையவரை எழுவாயாக்கி ஹேவ் போடும் முறை இவற்றில் கிடையாது. “எனக்கு, என்கிட்ட என்று மனசுக்குள் வந்தால் வாயில் ஐ ஹேவ் வரட்டும்” என்று ஒரே விதியாகச் சொல்லிக்கொடுங்கள். எனக்குக் காய்ச்சல், எனக்கு அண்ணன் உண்டு, என்கிட்டப் பணம் இருக்கு என எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். எனக்குத் தெரியும், எனக்கு வேணும் போன்றவற்றுக்குப் பொருந்தாது, ஆனால் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வினைப் பாடத்தில் நான் அதிக நேரம் செலவிடுவது ‘போடு’ என்ற நம் சொல்லுக்கு. ஒரு மாலை, நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, படகில் டிரைவராக இருக்கும் ஒருவர் எழுந்து நின்று, “ஐ புட் டீ, அண்ட் ஐ புட் ஷர்ட், அண்ட் ஐ புட் லாக்” என்றார். வாக்கிய அமைப்பில் குறையில்லை. எழுவாய் மூன்று, முற்று மூன்று, இணைப்பும் சரி. கோளாறு வினையில். தமிழில் டீயும் சட்டையும் பூட்டும் மட்டுமா, வலையும் நங்கூரமும் கையெழுத்தும் சண்டையும்கூடப் போடத்தான் படுகின்றன. கரும்பலகையின் நடுவே ‘போடு’ என்று எழுதி, வகுப்பையே சொல்லச் சொல்லிச் சுற்றிலும் நிரப்புங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஆங்கில வினையை ஒட்டுங்கள்: டீக்கு மேக், சட்டைக்கு புட் ஆன், பூட்டுக்கு லாக், வலைக்கு காஸ்ட், நங்கூரத்துக்கு டிராப், கையெழுத்துக்கு சைன், சண்டைக்கு ஃபைட், லைட்டுக்கு டர்ன் ஆன். கடைசியில் மீன் பெட்டியில் ஐஸ் போடுவதற்கு வரும்போது புட் என்பதே சரி என்று சொன்னால், அதுவரை புட் என்ற சொல்லையே பயந்து ஒதுக்கியவர்கள் சிரித்துவிடுவார்கள். ‘பார்’ என்ற சொல்லுக்கு சீ, லுக், வாட்ச் என்றும், ‘சொல்’ என்பதற்கு சே, டெல் என்றும் இதே வேலையைப் பிற்பாடு செய்யலாம்.

இனி கூட்டு வாக்கியம். இதை விளக்க நான் கையாளும் உவமை கொஞ்சம் வில்லங்கமானது. தமிழ் வாக்கியம் எஞ்சின் வைத்த ஒரு படகு, கயிற்றில் கட்டி நாலு சிறு வத்தைப் படகுகளை இழுத்து வருவது போன்றது: எஞ்சின் ஒன்றுதான், மற்றவை கயிற்றை நம்பி வருகின்றன. ஆங்கிலக் கூட்டு வாக்கியமோ இரட்டைமடி. இரண்டு படகு, இரண்டிலும் எஞ்சின், நடுவில் ஒரு வலை. “அது தடை பண்ணுனதுல சார்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் தவறாமல் வரும். கடலில்தான் தடை, இலக்கணத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு மேலே போகலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் சொந்தமாக ஓர் எழுவாயும் ஒரு முற்றும் வேண்டும் என்ற செய்தி இதைப் போல வேறெந்த விளக்கத்திலும் மனத்தில் தங்குவதில்லை.

சரிபார்க்க ஒரு கைப்பழக்கம் போதும். “தி கேட்ச் வாஸ் குட், பட் தி பிரைஸ் வாஸ் லோ” என்று பலகையில் எழுதி, பட் என்பதற்கு வலப்பக்கத்தை உள்ளங்கையால் மறையுங்கள். மிச்சம் தனியாக நிற்கிறதா என்று கேளுங்கள். பிறகு இடப்பக்கத்தை மறையுங்கள். இரண்டும் நின்றால் அது கூட்டு வாக்கியம். “ஐ கேம் ஹோம் அண்ட் ஸ்லெப்ட்” என்பதில் வலப்பக்கம் ஸ்லெப்ட் மட்டும் நிற்பதால் அது தனி வாக்கியம்தான், பிழையில்லை, ஆனால் அங்கே காற்புள்ளி வராது. பேச்சுக்காக மட்டும் வருகிறவர்களிடம் காற்புள்ளியைப் பற்றி நான் வற்புறுத்துவதில்லை. வேலைக்கு விண்ணப்பம் எழுத இருப்பவர்களிடம் விடுவதில்லை.

ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ ஆகிய இணைப்புச் சொற்கள் ஏழையும் அவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபேன்பாய்ஸ் என்ற எழுத்துக் கோவையாகச் சொல்லித்தருவது வழக்கம். முதன்முதல் வகுப்பெடுத்தபோது நானும் அதைப் பலகையில் எழுதி ஒரு மணி நேரம் விளக்கினேன். மறுநாள் இரண்டு பேர் வரவில்லை. அண்ட், பட், ஸோ, ஆர் ஆகிய நான்கு போதும். இவற்றில் பட், ஸோ இரண்டும் நம் பேச்சில் ஏற்கனவே குடியேறிவிட்டவை. ஃபார், யெட் எழுத்து வழக்கில் வருபவை. நார் வந்தால் வினை எழுவாய்க்கு முன்னால் புரளும், அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

நான்கின் வேறுபாட்டைக் காட்ட இடப்பக்கத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். “தி விண்ட் இஸ் ஸ்ட்ராங், ஸோ வீ ஆர் நாட் கோயிங்.” “தி விண்ட் இஸ் ஸ்ட்ராங், பட் வீ ஆர் கோயிங்.” கச்சான் காற்றில் கடலுக்குப் போவதா என்பது இங்கே இலக்கணக் கேள்வி அல்ல, வகுப்பு இரண்டாகப் பிரிந்து தமிழில் வாதாடத் தொடங்கும். தடுக்காதீர்கள். வாதம் சூடான பிறகு, “அண்ணே, இப்பச் சொன்னதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுங்க” என்றால், ஸோ கட்சியும் பட் கட்சியும் தாமாகவே சரியான சொல்லைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து எதிர்பார்க்க வேண்டிய பிழை, இரட்டை இணைப்பு. “ஆல்தோ ஐ ஆம் டயர்ட், பட் ஐ கேம்”, “பிகாஸ் தி போட் வாஸ் லேட், ஸோ ஐ வெயிட்டட்” என்பவை நம் பக்கத்தில் பட்டதாரிகள் வாயிலும் வருபவை. களைப்பா இருந்தாலும் என்ற பிறகும் ஆனா என்று ஒருமுறை அழுத்திச் சொல்லும் நம் பேச்சுப்பழக்கம் உள்ளே புகுந்துவிடுகிறது. இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று சொல்லுங்கள். ஆல்தோ போனால் கூட்டு வாக்கியம், பட் போனால் ஒரு பக்கம் மற்றதைச் சார்ந்து நிற்கும் கலவை வாக்கியம், இரண்டும் சரிதான்.

பயிற்சிக்கு ஊரைவிட நல்ல பொருள் கிடையாது. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு நான் கொடுப்பது: “தி ஓல்ட் ரயில் பிரிட்ஜ் ஓப்பன்ட் இன் 1914, பட் தி நியூ பிரிட்ஜ் ஓப்பன்ட் இன் 2025.” தனுஷ்கோடிக்குச் சவாரி போகிறவருக்கு: “தி ஸ்டார்ம் கேம் இன் 1964, அண்ட் தி சீ டுக் தி டவுன்.” மீன் விற்கும் அக்காவுக்கு: “யூ கேன் டேக் தி கிராப், ஆர் யூ கேன் டேக் தி பிரான்.” ஒவ்வொருவரும் தன் தொழிலுக்கு ஐந்து வாக்கியம் சொந்தமாக உருவாக்கி, பக்கத்தில் இருப்பவரிடம் பத்துமுறை சொல்லட்டும், நோட்டில் எழுதுவது அதற்குப் பிறகு.

பிழை திருத்துவதில் ஒரு நிதானம் தேவை. ஐம்பது வயதுக்காரர் வாயைத் திறந்த நொடியில் குறுக்கிட்டால் அவர் அன்று மறுபடி திறக்கமாட்டார், அதுவும் அவர் மகன் பேரன் யாராவது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் நிச்சயமாக மாட்டார். முழுதும் சொல்லி முடித்த பிறகு, அதே செய்தியைச் சரியான வடிவில் நீங்கள் திரும்பக் கேட்பது போலச் சொல்லுங்கள்: “ஓ, யூ வென்ட் டு மண்டபம், அண்ட் யூ காட் ஐஸ்?” அவர் “யெஸ், ஐ வென்ட், அண்ட் ஐ காட்” என்பார். திருத்தம் நடந்துவிட்டது, யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 15-க்குப் பிறகு விசைப்படகுக்காரர்கள் வாரத்தில் மூன்று நாள் கடலில் இருப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கரை நாட்களில் வகுப்பை மாற்றிவையுங்கள். ஹூ, விச் போட்டு எழுதும் கலவை வாக்கியங்களை அப்போது தொடங்கலாம்.