கிறிஸ்துமஸ் ஸ்டாரும் குடிலும்: மழை மாதத்தில் பத்திரமாகக் கட்டுவது எப்படி?

டிசம்பர் பிறந்தால் எங்கள் நாகர்கோவில் பக்கம் வீட்டுக்கு வீடு ஸ்டார் ஏறிவிடும். வடகிழக்குப் பருவமழை அப்போது இன்னும் ஓய்ந்திருக்காது. ஈரமும் 230 வோல்ட் மின்சாரமும் காய்ந்த வைக்கோலும் ஒரே வாசலில் சேரும் பண்டிகை இது. முதல்முறை அலங்காரம் செய்கிறவர்கள் இந்த வரிசையில் போங்கள்.

படி 1: பழைய சீரியல் செட்டைப் பாருங்கள்

பரணிலிருந்து எடுத்ததும் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். ஒயரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாகப் பாருங்கள். எலி கடித்த இடமோ, செம்பு தெரியும் இடமோ ஒன்று இருந்தாலும் அந்த செட் வேண்டாம். டேப் சுற்றி ஒப்பேற்றவும் வேண்டாம். "குட்டி பல்புதானே, என்ன செய்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். பல்புகள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் வோல்ட்தான் போகிறது, சரி. ஆனால் விலை குறைந்த செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. ஈரக் கையோடு அறுந்த இடத்தைத் தொட்டால் பாய்வது வீட்டு மின்சாரமேதான்.

படி 2: ஆர்.சி.சி.பி.யைச் சோதியுங்கள்

மின்சாரம் கசிந்தால் உடனே தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்தான் ஆர்.சி.சி.பி. மெயின் போர்டில் அதன் மேல் 'T' என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கிறதா? அதை அழுத்தினால் மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை வேண்டும். அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் எம்.சி.பி. இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது ஒயரைக் காப்பாற்றும். ஷாக் அடிக்கும் ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி.தான்.

படி 3: ஸ்டாரைக் கட்டுங்கள்

இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு ஸ்டார் ஒயரை ஜன்னல் கம்பியில் சுற்றி இறுக்கியிருந்தேன். காற்றில் ஆடி ஆடி உறை தேய்ந்து, ஒரு மழை நாளில் ஜன்னல் முழுக்க மின்சாரம். என் மகள் அந்த ஜன்னலோரம்தான் நின்றுகொண்டிருந்தாள். நல்லவேளை, அவள் தொடவில்லை. இன்றுவரை இரும்புக் கம்பியில் ஒயர் சுற்றியிருப்பதை எங்கே பார்த்தாலும் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

அதனால் ஸ்டாரின் எடையைக் கயிறு தாங்கட்டும், ஒயர் தாங்கக் கூடாது. ஒயர் இரும்பைத் தொடும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுக்குள் விடுங்கள். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒயர் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். அப்போது ஒயரோடு வழிந்து வரும் மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். பிளக்கும் ஜங்ஷன் பாக்ஸும் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். ஸ்டாருக்குள் 9 வாட்டுக்கு மேற்படாத எல்.இ.டி. பல்பு போதும். பழைய குண்டு பல்பின் சூட்டில் காகிதம் கருகும்.

அப்புறம், மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர் பக்கம் அலுமினிய ஏணியைக் கொண்டுபோகவே கூடாது. மொட்டை மாடி ஈரமாக இருந்தால் மறுநாள் கட்டிக்கொள்ளலாம்.

படி 4: குடிலும் மரமும்

வைக்கோல் கூரை போட்ட குடிலுக்குள் மெழுகுவர்த்தி வைக்காதீர்கள், ஒரு நிமிடம் கூட. வெளிச்சத்துக்கு எல்.இ.டி. பல்பு போதும், அதுவும் வைக்கோலில் படாமல். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். மின்சாரத்தால் தீப்பிடித்தால் முதலில் மெயினை அணையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கிறிஸ்துமஸ் மரமாக வைக்கும் சவுக்குக் கிளையை ஈர மணல் நிரப்பிய தொட்டியில் நடுங்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை வைத்திருப்பது வழக்கம்தான். ஆனாலும் அதற்குள் இலை பழுப்பாகி உதிர ஆரம்பித்தால் எடுத்துவிடுங்கள், அவ்வளவு வேகமாகப் பிடித்து எரியும்.

படி 5: குழந்தைகள் இருக்கும் வீட்டில்

பேட்டரி மெழுகுவர்த்தி நல்லதுதான். அதன் பட்டன் பேட்டரி மூடி திருகாணி போட்டதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

படி 6: 24ஆம் தேதி இரவு

நள்ளிரவுத் திருப்பலிக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போது வீடு காலி, விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கதவைப் பூட்டும் முன் எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். திரும்பி வந்து குழந்தை இயேசுவின் சொரூபத்தைக் குடிலில் வைக்கும்போது மறுபடி போட்டுக்கொள்ளலாம்.