தலைதீபாவளிக்கு வீட்டைத் தயார் செய்கிறீர்களா? தரையில் ஆசிட் ஊற்றாதீர்கள்

என் தங்கை மகளுக்கு இந்த ஆண்டு தலைதீபாவளி. மாப்பிள்ளை வீட்டிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள். "அக்கா, ஹால் தரை மங்கிப் போய்க் கிடக்கு. ஆசிட் நாலு பாட்டில் வாங்கி வெச்சிருக்கேன். நாளைக்கு ஊத்தித் தேச்சுடலாம்னு இருக்கேன்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். 1980-களில் கட்டிய வீடு அது. ஹால் முழுக்க மொசைக்.

மதுரையில் எங்கள் வீட்டுக்குத்தான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக தீபாவளிக்கு எல்லோரும் வந்து தங்குகிறார்கள். சில ஆண்டு பன்னிரண்டு பேர், சில ஆண்டு பதினெட்டு. முதல் சில ஆண்டுகளில் நான் செய்யாத தவறு கிடையாது. இப்போது புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண்கள் அதே தவறுகளை அதே வரிசையில் செய்வதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. ஒட்டடை அடித்த பிறகு தரையைக் கூட்டுவது, திரைச்சீலையை முன்கூட்டியே துவைப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, செய்யக் கூடாத அந்தத் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மெத்தையை மழை தொடங்கிய பிறகு வெளியே எடுப்பது

தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. எப்படிப் பார்த்தாலும் வடகிழக்குப் பருவமழையோடுதான் வரும். ஐப்பசி அடைமழையில் தலையணையையும் கம்பளியையும் துவைத்துப் போட்டால் மூன்று நாளானாலும் உள்பஞ்சு காயாது. மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும். விருந்தாளி தலை வைத்துப் படுத்ததும் முடை நாற்றம் எழும். புரட்டாசியில் வெயில் அடிக்கும்போதே மெத்தை, தலையணை, பாய், ஜமுக்காளம் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் ஒரு பகல் முழுக்கக் காயப்போட்டு, சூடு ஆறிய பிறகு மடித்து வையுங்கள். சூட்டோடு மடித்தால் உள்ளே வேர்த்துவிடும்.

சுவருக்கு வெள்ளையடிப்பதும் இதே கணக்குதான். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் தை மாதத்துக்குள் உரிந்து நிற்கும்.

மொசைக் தரையில் ஆசிட்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம் இது.

1998-இல் என் நாத்தனாருக்குத் தலைதீபாவளி. எனக்குக் கல்யாணமாகி இரண்டு ஆண்டுகள். மாமனார் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. கறுப்பும் வெள்ளையும் பச்சையுமாகக் கல் தூவிய மொசைக் தரை. நடந்து நடந்து அங்கங்கே மங்கியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் பளிச்சென்று ஆக்கிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. கடையில் கேட்டேன். "பாத்ரூம் ஆசிட்தாம்மா, எந்தக் கறையா இருந்தாலும் போயிடும்" என்றார்கள். அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வாளியில் தண்ணீர் கலந்து ஹால் முழுக்க ஊற்றினேன்.

ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைத்தது. அழுக்கு பொங்கி வெளியே வருகிறது என்று நினைத்து, இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கழுவித் தள்ளும்போது தரை நன்றாகத்தான் தெரிந்தது. ஈரம் காய்ந்த பிறகுதான் என் தலையில் இடி விழுந்தது. ஹால் முழுவதும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துக் கிடந்தது. கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. திரும்பி வந்த அத்தை வாசற்படியிலேயே நின்று பார்த்தார். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

என்ன நடந்தது என்பதைப் பிறகு ஒரு பாலிஷ்காரர்தான் எனக்கு விளக்கினார். மொசைக்கில் தூவியிருக்கிற சில்லுகளில் பெரும்பகுதி மார்பிள் கல். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். சில்லுகளைப் பிடித்து வைத்திருப்பது சிமென்ட். அதிலும் சுண்ணாம்புச் சத்துதான். பாத்ரூம் ஆசிட் என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பட்டதும் கல்லே கரைந்து கரியமில வாயுவாகப் பொங்குகிறது. நான் அழுக்கு என்று நினைத்து ரசித்த நுரை, என் மாமனார் போட்ட தரைதான்.

தொல்லை அதோடு முடியவில்லை. கல் கரைந்து உண்டாகிற கால்சியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் உப்பு. சரியாகக் கழுவப்படாமல் துளைகளில் தங்கிவிட்டதால் அந்த ஐப்பசி முழுக்கத் தரை பிசுபிசுவென்றே இருந்தது. வழுவழுப்பு போய்த் துளை திறந்துவிட்டதால் காப்பி ஒரு சொட்டு விழுந்தாலும் உள்ளே இறங்கிக் கறையானது. ஆசிட் புகை பட்டு, பக்கத்திலிருந்த இரும்பு பீரோவின் கால்கள் சில வாரங்களில் துருப்பிடித்தன. தீபாவளி முடிந்து, வீட்டுச் சாமானையெல்லாம் இரண்டு அறைகளில் அடைத்து, மிஷின் வைத்துத் தரையைத் தேய்த்து பாலிஷ் போட்டோம். முரட்டுக் கல்லில் தொடங்கி நைஸ் கல் வரை நான்கைந்து முறை தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். அந்தச் சேறு தெறித்துச் சுவரெல்லாம் பாழாகி, மறுபடி பெயின்ட். என் கணவரின் இரண்டு மாதச் சம்பளம் போனது. அத்தனைக்கும் பிறகு பழைய வழுவழுப்பு முழுதாக வரவில்லை. ஒவ்வொரு பாலிஷும் தரையின் மேல்தளத்தைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. ஆகவே அந்த வேலையையும் நினைத்தபோதெல்லாம் செய்ய முடியாது.

"பாலிஷ் போடுகிறவரே கடைசியில் ஆசிட் பவுடர் போடுகிறாரே" என்று சிலர் கேட்பார்கள். அது ஆக்ஸாலிக் அமிலம். கல்லிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத மெல்லிய படலமாகப் படியும். அதனால் பளபளப்பு கூடும். பாட்டில் ஆசிட் செய்வது கரைத்துக் கழுவிவிடுகிற வேலை. இரண்டுக்கும் ஆசிட் என்ற பெயர்தான் பொது.

மொசைக்கைச் சொன்னது மார்பிளுக்கும் பொருந்தும், கடப்பாக் கல்லுக்கும் பொருந்தும், சிமென்டில் கையால் செய்கிற ஆத்தங்குடி கல்லுக்கும் பழைய காவித் தரைக்கும் பொருந்தும். பாட்டில் ஆசிட் மட்டும் என்று நினைக்காதீர்கள். எலுமிச்சை, வினிகர், புளி எல்லாம் இதே வேலையை மெதுவாகச் செய்யும். குத்துவிளக்குக்குப் புளி தேய்த்து மொசைக் தரையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் அந்த இடத்தில் விளக்கின் அடி அளவுக்கு வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கும். துடைத்தால் போகாது. பித்தளைச் சாமானை ஒரு தாம்பாளத்தில் வைத்துத் தேயுங்கள்.

எங்கள் வீட்டில் டைல்ஸ்தான் என்று நிம்மதிப்பட வேண்டாம். டைல்ஸ் ஆசிடைத் தாங்கும். இரண்டு டைல்ஸுக்கு நடுவே பூசிய வெள்ளை சிமென்ட் தாங்காது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பாத்ரூமில் ஆசிட் ஊற்றினால் இடுக்கு அரித்து, தண்ணீர் கீழே இறங்கும். அடுக்குமாடி வீடாக இருந்தால் கீழ் வீட்டுக்காரர் கூரையில் ஈரம் படர்ந்து, சண்டை உங்கள் வாசலுக்கு வரும். குழாயின் பளபளப்பும் உரிந்துவிடும்.

சரி, மங்கிய மொசைக்கை என்ன செய்வது? வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு ஸ்பூன். மெல்லிய நார் கொண்டு சிறு சிறு பகுதியாகத் தேய்த்து, உடனே நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்து எடுக்க வேண்டும். சோப்பு தங்கினால் அதுவே மங்கலாகத் தெரியும். பாதி வீட்டில் மங்கல் என்று சொல்வது பல மாதமாகப் படிந்த பினாயில், சோப்புப் படலம்தான். எண்ணெய்க் கறைக்குச் சோடா மாவைக் குழைத்துப் பூசி, இரவு முழுக்க விட்டு, காலையில் வழித்து எடுங்கள். எதைச் செய்தாலும் முதலில் கட்டிலுக்கு அடியில் ஒரு சாண் இடத்தில் செய்து, காயவிட்டுப் பாருங்கள். போர் தண்ணீர் உப்புக்கறை பாத்ரூம் டைல்ஸில் இருந்தால் எலுமிச்சை உப்பைக் கரைத்துத் தெளித்து, ஐந்து நிமிடத்தில் கழுவிவிடலாம். ஹாலுக்கு அது வேண்டாம்.

இதைப் படிக்கும்போது ஏற்கனவே ஊற்றிவிட்டிருந்தால், தேய்ப்பதை நிறுத்துங்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அப்புறம் சோடா மாவைத் தூவி, நுரைப்பது நிற்கும் வரை விட்டு, மறுபடி கழுவுங்கள்.

ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ப்பது

குளோரின் வாயு வரும். மூச்சு நின்றுவிடும். ஒரே நாளில், ஒரே அறையில் இரண்டையும் பயன்படுத்தாதீர்கள்.

வினிகரும் சோடா மாவும் கலப்பது

ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். மிச்சம் உப்புத் தண்ணீர்தான்.

வீடு பளபளக்கும், தண்ணீர் இருக்காது

நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று தண்ணீர்க் கணக்குப் போடுவார்கள். வீட்டில் நான்கு பேர் இருக்கும்போது 1000 லிட்டர் டேங்க் தாராளமாகத் தெரியும். பன்னிரண்டு பேரானால் 1620 லிட்டர் வேண்டும். தீபாவளியன்று விடியுமுன்னே எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதால் பாதித் தண்ணீர் அந்த இரண்டு மணி நேரத்திலேயே போய்விடும். முதல் நாள் இரவே டேங்கை நிரப்பி, விடிகாலையில் மோட்டார் போடும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். டேங்க் கழுவுகிற வேலையை ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். முந்தின நாள் கழுவினால் கலங்கிய வண்டல் குழாயில் இறங்கும்.

செப்டிக் டேங்க் எடுத்து மூன்று ஆண்டு ஆகிவிட்டதென்றால் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். பண்டிகை வாரத்தில் எவ்வளவு கெஞ்சினாலும் வண்டி கிடைக்காது.

கங்கா ஸ்நானத்துக்கு முன் பாத்ரூம் வடிகாலைப் பார்க்காதது

பன்னிரண்டு தலை நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், உதிர்ந்த முடி. மூன்றும் சேர்ந்தால் சல்லடையில் அடை மாதிரி அப்பிக்கொள்ளும். ஐந்தாவது ஆள் குளிக்கும்போது கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். எங்கள் வீட்டில் ஒரு முறை மாப்பிள்ளையின் அப்பா அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு கூப்பிட்டார். இரண்டு நாள் முன்னதாகவே சல்லடையைக் கழற்றி முடியை எடுத்துவிட்டு, ஒரு வாளி வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். அன்றைக்கு இரண்டு பேர் குளித்ததும் ஒருவர் சல்லடையைத் துடைக்க வேண்டும்.

எண்ணெய் வழிந்த தரை வயதானவர்களுக்கு எமன். உள்ளே ஒரு கிண்ணத்தில் கடலை மாவு வையுங்கள்; ஒவ்வொருவரும் வெளியே வருமுன் தரையில் தூவித் தேய்த்துக் கழுவிவிட்டு வரட்டும். 15 லிட்டர் கீசரை நம்பாதீர்கள். ஒருவர் எண்ணெய் போகக் குளிக்கத்தான் அது காணும். அடுத்தவர் கால் மணி நேரத்துக்கு மேல் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அடுப்பில் அண்டா வைப்பதே மேல்.

கரப்பான்பூச்சி மருந்தை முந்தின நாள் அடிப்பது

இடுக்கில் இருந்ததெல்லாம் கிறங்கிப் போய் வெளியே வரும். விருந்தாளி சாப்பிட உட்காரும்போது சுவரிலிருந்து விழும். இரண்டு வாரம் முன்பே ஜெல் மருந்தைப் பொட்டுப் பொட்டாக வையுங்கள். வைத்த இடத்தைத் துடைக்க வேண்டாம்.

பாச்சை உருண்டை வாசத்தோடு படுக்கை விரிப்பது

பெரியவர்களுக்குத் தலைவலி. கைக்குழந்தை வருகிறதென்றால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணி பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். நம் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்று பல வீடுகளில் தெரிந்திருக்காது. குழந்தைக்கு விரிக்கும் துணியை உருண்டை போடாத பெட்டியில் தனியாக வையுங்கள். பாக்கியைத் துவைத்து, காற்றாட ஒரு நாள் போட்டு எடுங்கள்.

சாமானையெல்லாம் ஒரே அறையில் திணிப்பது

அந்த அறையில்தான் கைக்குழந்தைக்காரிக்குத் துணி மாற்ற இடம் கேட்பார்கள். விருந்தாளிக்கு பீரோவில் ஒரு தட்டும், சுவரில் நான்கு கொக்கியும், போன் சார்ஜ் போட ஒரு பிளக்கும் காலியாக இருந்தால் போதும். மற்றது அப்படியே இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் வீடு என்றால் என்னவென்று தெரியும்.

வேலைக்கு வரும் அக்காவை முந்தின நாள் நாள்முழுக்க இருக்கச் சொல்வது

அவருக்கும் மறுநாள்தான் தீபாவளி. அவர் மகளும் மருமகனும் பஸ் ஏறி வந்துகொண்டிருப்பார்கள். வீட்டில் பலகாரத்துக்கு மாவு அரைக்காமல் கிடக்கும். பெரிய வேலைகளைப் பத்து நாளுக்குப் பிரித்து, கூடுதல் வேலைக்குத் தனியாகக் கூலி பேசுங்கள். போனஸையும் புடவையையும் தீபாவளியன்று காலையில் கொடுத்தால் அவர் எப்போது கடைக்குப் போவார், எப்போது ரவிக்கை தைப்பார்? ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். முந்தின நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவரை அனுப்பிவிட்டு, மீதிப் பாத்திரத்தை நீங்களே கழுவுங்கள்.