குழந்தைக்குப் புற்றுநோய்: சிகிச்சையை முடிவு செய்வதில் பெற்றோர் செய்ய வேண்டியது

டாக்டர் "புற்றுநோய்" என்று சொன்னதும் அப்புறம் அவர் பேசுவது எதுவும் காதில் ஏறாது, அதனால் அடுத்த முறை ஒரு நோட்டோடு போங்கள், கூடவே சித்தப்பாவோ அத்தையோ வரட்டும். என்ன வகை, முழுதாகக் குணமாக்கத்தான் இந்தச் சிகிச்சையா, வேறு வழி உண்டா, பக்கவிளைவு என்ன, எல்லாம் கேட்டு எழுதுங்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கு 2 முதல் 3 ஆண்டு மருந்து ஓடும். எது சேலத்திலேயே நடக்கும், எதற்குச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ போகணும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொரு டாக்டரிடம் கேட்பது தப்பே இல்லை. பயாப்ஸி (சதைத் துணுக்குப் பரிசோதனை) ஸ்லைடு, ரிப்போர்ட் எல்லாம் கேட்டு வாங்குங்கள். ஆனால் எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதையும் கேளுங்கள், ரத்தப் புற்றுநோயில் நாள் கடத்தவே கூடாது.

ஏற்காட்டுக்காரர்கள் கவனிங்க: கீமோ (புற்றுநோய் மருந்து) கொடுக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே அவசரம்தான். நடுராத்திரியில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் வண்டியில் என்று முன்பே முடிவு செய்து வையுங்கள்.

பிள்ளையிடமும் மறைக்காதீர்கள். மருந்தை மாற்றச் சொல்ல முடியாது, சரி, ஊசி எந்தக் கையில் என்பதையாவது அவளே சொல்லட்டும்.