அலையாத்தி விதை ஊன்றுவது எப்படி? காரங்காட்டுப் பக்கம் புதிதாக இறங்குபவர்களுக்கு

இராமநாதபுரம் மாவட்டத்தில், கோட்டக்கரை ஆறு கடலில் சேரும் காரங்காட்டில் மடவை, கொடுவா, இறால், நண்டு எல்லாம் குஞ்சாக இருக்கும்போது ஒதுங்குவது அலையாத்தி (மாங்குரோவ்) மர வேர்களுக்கு நடுவில்தான். மீன்வளம் பெருக ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பும் தன்னார்வலர்களுக்கு இது நல்ல ஆரம்பம்.

முதலில் அனுமதி. 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் அலையாத்திக் காடு 1அ வகை, அதாவது கடும் பாதுகாப்பு. விதை பொறுக்குவதாக இருந்தாலும் வனத்துறையிடம் கேளுங்கள். ஊரிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வலை இழுக்கும் இடம், படகு கட்டும் இடம் எதுவென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது இடம். ஊன்றிய விதை பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் போனால் பார்க்கிற இடமெல்லாம் ஈரமாக இருக்கும். கடல்மட்டமும் ஏறியிருக்கும், ஆற்றுத் தண்ணீரும் வரும். அதை நம்பி ஊன்றிவிட்டு சித்திரையில் போய்ப் பார்த்தால் தரை உப்புப் பூத்துக் கிடக்கும், கன்று கருகியிருக்கும். ஆகவே கோடையிலேயே ஒருமுறை போய், அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் தண்ணீர் எதுவரை வருகிறது என்று குச்சி நட்டு வையுங்கள். அட்டமி, நவமியில் ஏற்றம் மந்தம், அன்றைக்கும் பாருங்கள். தண்ணீர் ஏறி, முழுக்க வடிகிற இடம் வேண்டும். தேங்குகிற இடத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டுவார்கள்: நடுவில் பெரியது ஒன்று, இருபுறமும் சாய்வாகக் கிளைகள். வெட்டுவது வனத்துறை பொறுப்பு. சேறு அடைத்த கிளைகளைத் தூர்வாருவதில் நாம் கைகொடுக்கலாம் (இதைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை, அது வேறு கதை). கடற்புல் இருக்கும் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். கடல் பசுவுக்கு அதுதான் மேய்ச்சல்.

சரி, விதை. இங்கே அதிகம் இருப்பது வெண்கண்டல் என்கிற அலையாத்தி வகை. மழைக்காலத்தை ஒட்டிக் காய் முற்றும். பச்சை மங்கி மஞ்சள் ஓடியிருக்கும். தொட்டால் கையோடு வரும். இழுத்தால்தான் வரும் என்றால் பிஞ்சு, விட்டுவிடுங்கள். பூச்சி துளைத்ததைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கழிமுகத் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். மேல்தோல் தானாகக் கழன்று, உள்ளே மொச்சைப் பருப்பு மாதிரி மடிந்த இரண்டு பச்சைப் பருப்புகளும், நுனியில் மெல்லிய மயிரோடு முளைவேரும் தெரியும்.

ஊன்றுவதற்குத் தண்ணீர் வடிந்திருக்கும் வற்றம் பார்த்து இறங்குங்கள். வாய்க்கால் சரிவில், பாதி உயரத்தில், மூன்றடிக்கு ஒன்று. வேர் கீழே இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குதான் சேற்றுக்குள் போக வேண்டும். முழுக்கப் புதைத்தால் அழுகிவிடும். காலில் நாடா கட்டிய பழைய ஷூ போடுங்கள். செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும், சிப்பி ஓடு காலைக் கிழிக்கும்.

அப்புறம் காவல். வெண்கண்டல் இலை என்றால் ஆட்டுக்கு உயிர். பழைய வலையை வேலியாகக் கட்டாதீர்கள். அறுந்து மிதந்தால் மீனும் நண்டும் அதில் மாட்டிச் சாகும். கருவேல முள் போட்டு அடையுங்கள், இராமநாதபுரத்தில் அதற்கா பஞ்சம்! பெரிய ஏற்றம் கழிந்ததும் போய், கன்றில் சுற்றிய பாசியையும் பாலித்தீன் பையையும் கையால் எடுத்துவிடுங்கள்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்திருந்தால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் புது விதை வைக்கலாம். ஒரே திட்டாகப் போயிருந்தால், வாய்க்காலில் எங்கே அடைப்பு என்று தேடிவிட்டு அப்புறம் விதையைப் பற்றி யோசியுங்கள்.