ஓர் அதிபரின் ஆட்சிக்காலத்தை எடைபோடுவது எப்படி? மண்டேலாவின் ஐந்தாண்டுகளை வைத்து ஒரு வழிகாட்டி

பள்ளி, கல்லூரிக் கட்டுரைப் போட்டிகளின் தாள்களைப் பல ஆண்டுகள் திருத்தியிருக்கிறேன். நெல்சன் மண்டேலாவைப் பற்றி எழுதும் மாணவர்கள் அவருடைய 27 ஆண்டுச் சிறைவாசத்துக்கு மூன்று பக்கங்களை ஒதுக்கிவிட்டு, அவர் தென்னாப்பிரிக்காவை ஆண்ட ஐந்து ஆண்டுகளைப் 'பின்னர் அந்நாட்டின் அதிபரானார்' என்ற ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். சிறையில் அவர் காட்டிய உறுதி போற்றத்தக்கது. ஆனால் அதிகாரம் கைக்கு வந்தபின் அவர் என்ன செய்தார் என்பதற்கு அந்த உறுதி விடையாகாது. அந்த விடையைத் தேடிக் கட்டுரையோ உரையோ ஆயத்தம் செய்ய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காலத்துக்கு வேலி போடுங்கள். ஒரு தாளை எடுத்து, மேலே 1994 மே 10 என்றும் கீழே 1999 ஜூன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது அவர் பிரிட்டோரியாவில் பதவியேற்ற நாள். இரண்டாவது அவர் பதவியிலிருந்து இறங்கிய மாதம். இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் நடந்தவை மட்டுமே உங்கள் கட்டுரைக்குரிய பொருள். 1990இல் அவர் விடுதலையானதும், 1993இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றதும் மேல்கோட்டுக்கு வெளியே நிற்கும். இப்படிப் பிரித்துவைத்தால், அந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்பது உடனே புலப்படும்.

அடுத்ததாக, அவருக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதை அளந்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் யாரையும் பாராட்டவும் முடியாது, குறைகூறவும் முடியாது. தென்னாப்பிரிக்காவில் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கிறது. 1994 ஏப்ரல் தேர்தலில் அவருடைய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 62.65 சதவீத வாக்குகளைப் பெற்று, 400 இடங்களில் 252ஐ வென்றது. புதிய அரசியல் சாசனத்தைத் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு அது 15 இடங்கள் குறைவு. அப்போது நடைமுறையில் இருந்த இடைக்காலச் சாசனம், 80 இடங்களைப் பெறும் கட்சிக்குத் துணை அதிபர் பதவியையும் 20 இடங்களைப் பெறும் கட்சிக்கு அமைச்சரவையில் பங்கையும் உரிமையாக்கியிருந்தது. நிறவெறி ஆட்சியை நடத்திய தேசியக் கட்சி 82 இடங்களைப் பெற்றதால், அதன் தலைவர் எஃப்.டபிள்யூ. டி கிளர்க் துணை அதிபரானார். இன்னொரு துணை அதிபர் மண்டேலாவின் கட்சியைச் சேர்ந்த தாபோ எம்பெக்கி. 43 இடங்களைப் பெற்ற இன்காத்தா கட்சியின் தலைவர் புத்தலேசி உள்துறை அமைச்சரானார். ஆக, பழைய எதிரிகளை மண்டேலா அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டது வெறும் பெருந்தன்மை என்று எழுதுவது முழு உண்மையாகாது. அது பேச்சுவார்த்தையில் உருவான சட்டக் கட்டாயம். 1996இல் தேசியக் கட்சி தானாக வெளியேறும்வரை அந்தக் கூட்டணி ஆட்சியை உடையாமல் நடத்தியது அவருடைய திறமை. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, மேடைப்பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு, கையெழுத்திட்ட ஆணைகளைத் தேடுங்கள். பதவியேற்ற இரண்டே வாரங்களில், கர்ப்பிணிப் பெண்களுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை என்று அறிவித்தார். ஜூன் மாதத்தில், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கொண்ட பெண் கைதிகளில் ஒரு பகுதியினரின் தண்டனையைக் குறைத்து ஆணையிட்டார். மனைவியை இழந்த ஒரு கைதி, 'எனக்கும் சிறு பிள்ளை இருக்கிறான். தாய்க்குக் கொடுத்ததைத் தந்தைக்கு மறுப்பது பாகுபாடல்லவா' என்ற வாதத்தோடு வழக்குத் தொடுத்தார். 1997இல் அரசமைப்பு நீதிமன்றம் அதிபரின் ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதிபரின் மன்னிப்பு அதிகாரமும் சாசனத்துக்கு உட்பட்டதே என்பதையும் அதே தீர்ப்பில் எழுதிவைத்தது. ஒரு தலைவரின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் அவருடைய அதிகாரத்தின் எல்லை எங்கே இருக்கிறது என்பதையும் ஒரே இடத்தில் காட்டும் இத்தகைய ஆவணங்கள், நூறு புகழுரைகளைவிடப் பயன் தருபவை.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. 'முடியாது' என்று யாராவது சொன்னபோது அந்த அதிபர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1995 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவிருந்தது. அதற்கான சட்டத்தைத் தன் பிரகடனத்தின் மூலமே திருத்திக்கொள்ளும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அதிபருக்கு வழங்கியிருந்தது. மண்டேலாவும் அதைப் பயன்படுத்தினார். தேசியக் கட்சியின் கையிலிருந்த மேற்கு கேப் மாகாண அரசு வழக்குப் போட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் பிரகடனங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் இயற்றும் வேலையை நாடாளுமன்றம் அதிபரிடம் இப்படித் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த நீதிமன்றத்தின் தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன், 1963-64இன் ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர். அவரை அந்தப் பதவியில் அமர்த்தியவரும் மண்டேலாவே. தோற்றது ஆளும் தரப்பு, வென்றது நிறவெறி ஆட்சியை நடத்திய கட்சி. ஆனாலும் அவர் தீர்ப்பை உடனடியாகவும் வெளிப்படையாகவும் ஏற்றுக்கொண்டார். குறையைச் சரிசெய்யும் பொறுப்பு நாடாளுமன்றத்திடம் திரும்பியது. விடுதலைப் போராட்டத்தின் முகமாக விளங்கிய ஒருவர், முளைவிட்டு ஓராண்டுகூட ஆகாத ஒரு நீதிமன்றத்தின் முன் தலைவணங்கிய அந்த நாளை, ரக்பி மைதானத்தில் அவர் பச்சை மேற்சட்டை அணிந்து நின்ற நாளைவிடப் பெரியதாக நான் கருதுகிறேன்.

ரக்பியை முற்றிலும் விட்டுவிடச் சொல்லவில்லை. 1995 ஜூன் 24 அன்று உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அணித்தலைவரின் ஆறாம் எண்ணைத் தாங்கிய சட்டையோடு அவர் வந்து நின்றது, வெள்ளையர்களின் அச்சத்தைத் தணிக்கக் கணக்குப் பார்த்துச் செய்த அரசியல் செயல். அதை ஒரு பத்தியில் எழுதினால் போதும். அதோடு, பிற்காலத்தில் அதே ரக்பி நிர்வாகத்தை விசாரிக்க அவர் ஆணையம் அமைத்ததையும், அதை எதிர்த்த வழக்கில் 1998இல் பதவியில் இருக்கும்போதே நீதிமன்றம் சென்று சாட்சியம் அளித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாக்குறுதியையும் விளைவையும் அருகருகே வைக்கும் வேலை இதற்குப் பிறகு வருகிறது. ஐந்து ஆண்டுகளில் பத்து லட்சம் வீடுகள் என்பது தேர்தல் வாக்குறுதி. பல லட்சம் வீடுகள் கட்டப்பட்டன. ஆனால் 1999இல் அந்த எண்ணை எட்டவில்லை. இத்தகைய வாக்குறுதிகளை நிறைவேற்ற வகுத்த மறுசீரமைப்புத் திட்டத்துக்கென்று தனி அமைச்சராக, தொழிற்சங்கத்திலிருந்து வந்த ஜெய் நாயுடு அமர்த்தப்பட்டார். அந்த அலுவலகம் 1996இல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், நிதியமைச்சர் டிரெவர் மானுவல் செலவைச் சுருக்கும் புதிய பொருளாதாரக் கொள்கையை அறிவித்தார். 2000ஆம் ஆண்டுக்குள் ஆறு சதவீத வளர்ச்சி, ஆண்டுக்கு நான்கு லட்சம் வேலைகள் என்பன அதன் இலக்குகள், இரண்டும் நிறைவேறவில்லை. மண்டேலாவின் கட்சியோடு கூட்டணியிலிருந்த தொழிற்சங்கங்கள் இந்தத் திருப்பத்தைக் கடுமையாக எதிர்த்தன. சரியா தவறா என்று நீங்கள் முடிவு சொல்லலாம். அதற்குமுன், மண்டேலா எத்தகைய கருவூலத்தை வாரிசாகப் பெற்றார் என்பதையும் எழுதிவிடுங்கள்.

செய்யாமல் விட்டதற்கும் கணக்கு வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு வந்த கர்ப்பிணிகளிடம் எடுக்கப்பட்ட ஆய்வில் எச்.ஐ.வி தொற்று 1994இல் 7.6 சதவீதமாக இருந்தது. 1999இல் அது 22 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் இதைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை. பதவி விலகிய பிறகு டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் பேசியதும், 2005இல் தன் மகன் எய்ட்ஸால் இறந்தார் என்று தானே உலகுக்குச் சொன்னதும் மிகுந்த துணிவான செயல்கள்தாம். ஆனால் அவை நாம் போட்ட கீழ்க்கோட்டுக்கு வெளியே நிகழ்ந்தவை. அவற்றைக் கொண்டு உள்ளே இருக்கும் குறையை மூட முயலாதீர்கள். இதை எழுதும்போது எனக்கும் மனம் கனக்கிறது.

மூல ஆவணத்தை நீங்களே திறந்து படியுங்கள். அதற்குத் தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு எடுத்துக்காட்டு உண்டு. தென்னாப்பிரிக்காவில் தமிழ் ஆட்சிமொழி என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. 1996ஆம் ஆண்டுச் சாசனம் அப்போது அறிவித்த ஆட்சிமொழிகள் பதினொன்று. அவற்றுள் தமிழ் இல்லை. ஆறாம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவுக்குச் சென்று பாருங்கள். அந்நாட்டுச் சமூகங்கள் பேசும் மொழிகளை மொழி வாரியம் வளர்க்கவும் மதிப்புறச் செய்யவும் வேண்டும் என்று கூறி, ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்ச்சுகீசியம் ஆகியவற்றுக்கு அடுத்ததாகத் 'தமிழ்' என்ற பெயர் அச்சாகியிருக்கிறது. கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டால் கரையில் இறங்கியவர்களின் மொழி ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் பெயரோடு நிற்கிறது. உள்ளது உள்ளபடியே இவ்வளவு பெருமை தரும்போது, இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை. அந்தச் சாசனத்தில் மண்டேலா கையெழுத்திட்டது 1996 டிசம்பர் 10 அன்று, ஷார்ப்வில்லில். 1960இல் காவலர்கள் 69 பேரைச் சுட்டுக்கொன்ற ஊர் அது.

சொந்தக் கட்சியோடு அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை, போராட்டக் காலத்தில் அவருடைய இயக்கம் இழைத்த மனித உரிமை மீறல்களையும் பதிவு செய்தது. வெளியீட்டைத் தடுக்கக் கட்சி நீதிமன்றம் சென்று தோற்றது. 1998 அக்டோபர் 29 அன்று பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் கையிலிருந்து மண்டேலா அந்த அறிக்கையைப் பெற்றுக்கொண்டார்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது வெளியேறிய விதம். புதிய சாசனத்தின் 88ஆம் பிரிவு ஓர் அதிபருக்கு இரண்டு பதவிக்காலங்களை அனுமதிக்கிறது. இரண்டாவது முறை நின்றிருந்தால் அவர் வென்றிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1997 டிசம்பரில் மாஃபிகெங் மாநாட்டில் கட்சித் தலைமையை எம்பெக்கியிடம் ஒப்படைத்தார். 1999 தேர்தலில் போட்டியிடவில்லை. உங்கள் தாளின் கீழ்க்கோட்டில் அந்த ஆண்டின் ஜூன் 16 என்ற தேதியை எழுதி, பக்கத்தில் 'எம்பெக்கி பதவியேற்பு' என்று குறித்துக்கொள்ளுங்கள். 1976இல் சோவெட்டோ மாணவர்கள் சுடப்பட்டதும் ஒரு ஜூன் 16 அன்றுதான்.