சப்ளிமெண்ட் பத்தின ஆராய்ச்சிய நாமளே படிச்சுப் பாக்குறது எப்படி?

ஒமேகா-3 மாத்திரை போட்டா ஹார்ட் அட்டாக் 28 சதவீதம் குறையுதாம், ஆராய்ச்சில நிரூபிச்சுட்டாங்களாம்னு ஒரு மெசேஜ் வருதுன்னு வைங்க, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. மருத்துவ ஆய்வுக் கட்டுரைங்கள தேடுற பப்மெட் தளத்துல மருந்தோட பேரப் போட்டு தேடினா மூல ஆய்வோட சுருக்கம் இலவசமாவே கிடைக்கும், மாத்திரை விக்கிறவங்க எழுதுனத விட்டுட்டு அத படிங்க.

மொதல்ல பாக்க வேண்டியது, இது சும்மா கவனிச்சு எழுதுன ஆய்வா, இல்ல குலுக்கல் முறைல ஆளுங்கள ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு நிஜ மாத்திரையும் இன்னொரு பாதிக்கு டம்மி மாத்திரையும் குடுத்து பாத்ததா. இதுல தான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. காய்கறி பழம் நெறைய சாப்பிட்டு ரத்தத்துல பீட்டா கரோட்டின் அதிகமா இருக்கறவங்களுக்கு நுரையீரல் கேன்சர் கம்மின்னு கவனிப்பு ஆய்வுங்க சொல்லுச்சு, சரி அத மாத்திரையா குடுப்போம்னு பின்லாந்துல சிகரெட் பிடிக்கிற ஆம்பளைங்க 29,133 பேர வச்சு ட்ரையல் நடத்துனாங்க, 1994ல ரிசல்ட் வந்தப்போ பீட்டா கரோட்டின் போட்டவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் கூடி இருந்துச்சு. காய்கறி சாப்பிடறவங்க வேற பல விஷயத்துலயும் உடம்ப பாத்துக்கறவங்களா இருப்பாங்க, அந்த நல்லதையெல்லாம் ஒத்த சத்தோட கணக்குல எழுதிட முடியாது. அதனால "தொடர்பு இருக்கு"ன்னு மட்டும் ஆய்வு சொன்னா அத வச்சு மாத்திரை வாங்காதீங்க.

ரெண்டாவது நம்பரு. அந்த 28 சதவீதம் பொய் இல்ல, அமெரிக்கால 25,871 பேர வச்சு நடந்த வைட்டல் ட்ரையல்ல இருந்து வந்தது, 2019ல வெளியாச்சு. ஆனா அந்த ட்ரையல் ஆரம்பிக்கறப்பவே முக்கியமா அளக்கப்போறோம்னு சொன்னது ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், இதயநோய் சாவு மூணும் சேந்த கணக்க. அதுல வந்த ஹசார்ட் ரேஷியோ, அதாவது மாத்திரை பக்கத்து ஆபத்த டம்மி பக்கத்தோட ஒப்பிடுற எண், 0.92, பக்கத்துலயே நிஜ அளவு இதுக்குள்ள இருக்கலாம்னு 0.80 முதல் 1.06 வரைன்னு ஒரு ரேஞ்ச் போட்டிருக்கும். 1ன்னா வித்தியாசமே இல்லன்னு அர்த்தம், ரேஞ்சுக்குள்ள 1 வந்துடுச்சுன்னா பலன் இருக்குன்னு அடிச்சு சொல்ல முடியாது. 28 சதவீதம்ங்கறது கூடுதலா பாத்த கணக்குங்கள்ல ஒண்ணு, அதையும் ஆள் எண்ணிக்கையா பாருங்க, ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 12,900 பேரு, அஞ்சு வருஷத்துக்கு மேல பாத்ததுல மாத்திரை பக்கம் 145 பேருக்கு அட்டாக், டம்மி பக்கம் 200. அதாவது நூத்துக்கு ஒண்ணரைல இருந்து ஒண்ணு சொச்சம். எப்பவும் சதவீதத்த விட்டுட்டு இந்த மாதிரி எத்தன பேருக்கு எத்தன பேருன்னு தேடுங்க, எனக்கு தெரிஞ்சு இத விட உபயோகமான பழக்கம் வேற இல்ல.

அப்புறம் யாருக்கு குடுத்தாங்க, எவ்ளோ டோஸ்னு பாருங்க. சத்து கொறஞ்சவங்களுக்கு கிடைக்கிற பலன் நல்லா இருக்கறவங்களுக்கு கிடைக்கணும்னு இல்ல. அதுக்காக எல்லா சப்ளிமெண்டும் வேஸ்ட்னு நெனச்சுடாதீங்க, ஏற்கனவே நரம்புக் குழாய் குறையோட (மூளையோ தண்டுவடமோ சரியா உருவாகாத குறை) கொழந்த பொறந்த அம்மாக்களுக்கு அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாடியே போலிக் ஆசிட் குடுத்ததுல அந்தக் குறை திரும்ப வர்றது 72 சதவீதம் கொறஞ்சுதுன்னு 1991லயே பிரிட்டன் நடத்துன ட்ரையல் காட்டுச்சு. அந்த மாதிரி தெளிவான ஆதாரம் இருக்கறத டாக்டர் எழுதுனா தயங்காம போடுங்க.

கடைசியா, ஏற்கனவே போடுற மருந்தோட இது மோதுதான்னு பாக்கணும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடறவங்க வைட்டமின் கே மாத்திரைய தானா ஆரம்பிக்கக் கூடாது, மருந்தோட வேலைய அது கெடுத்துடும். முடிக்காக பயோட்டின் போடறவங்க ரத்த டெஸ்டுக்கு முன்னாடி அத டாக்டர்கிட்டயும் லேப்லயும் கண்டிப்பா சொல்லுங்க, ஹார்ட் அட்டாக்க கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் டெஸ்டுலயே அளவ கம்மியா காட்ட வச்சுடும், தைராய்டு ரிப்போர்ட்டும் மாறிப் போகலாம்.